கரப்பான் பூச்சி தப்பும் விதம்: கேள்வி பதில்

கேள்வி: செருப்பை ஓங்கும்போதே ஓடிவிடுகிறதே, கண்ணால் பார்த்தா?

பதில்: பெரும்பாலும் காற்றால். வயிற்றின் நுனியில் செர்சை எனப்படும் இரண்டு சிறு வால்கொம்புகள் உண்டு. அமெரிக்கக் கரப்பானில் ஒவ்வொன்றின் அடிப்புறத்திலும் சுமார் 220 நுண்மயிர்கள். ஒவ்வொரு மயிரும் ஒரு தளத்தில்தான் எளிதாகச் சாயும். ஒரு பக்கம் சாய்ந்தால் அதன் நரம்புச்செல் துடிக்கும், எதிர்ப்பக்கம் சாய்ந்தால் அடங்கும். காற்றின் திசை இப்படித்தான் தெரிகிறது. கடைசி வயிற்று நரம்பு முடிச்சில் 7 இணைப் பெருநரம்புச்செல்கள் இதை வாங்கி, தடித்த இழைகள் வழியே மார்புக்கு அனுப்புகின்றன. கால்களைத் திருப்பும் சுற்று அங்கே இருக்கிறது. சுமார் 50 மில்லிவினாடியில் பூச்சி திரும்பத் தொடங்கிவிடும். தேரை பாயும்போது முன்னே தள்ளப்படும் காற்றே எச்சரிக்கை என்று ஆய்வாளர் ஜெஃப்ரி கேம்ஹி குழுவினர் 1978இல் காட்டினார்கள்.

கேள்வி: கரப்பானின் நரம்பு வடத்தில் மின்துடிப்புகளைப் பதிவு எடுக்கிறேன் சார். இரைச்சல் மட்டுமே வருகிறது.

பதில்: சீரான 50 ஹெர்ட்ஸ் அலை என்றால் மின்கம்பி இரைச்சல், புவி இணைப்பையும் கம்பிக்கூண்டையும் பாருங்கள். இல்லையென்றால் வயிற்று நுனியில் குத்திய ஊசி செர்சை நரம்பை அறுத்திருக்கும். வெள்ளிக் கொக்கியை வடத்தின் கீழே கொடுத்துத் தூக்கி, வாசலின் பூசுங்கள், காயாது. செர்சைமேல் காற்றை வாயால் ஊதாதீர்கள்! சூடும் ஈரமும் சேரும், வேகமும் மாறும். சிரிஞ்சும் குழாயும் போதும். இரண்டு ஊதலுக்கு நடுவே ஒரு நிமிடமாவது விடுங்கள், இல்லாவிட்டால் பழகிப்போய் அடங்கிவிடும்.

கேள்வி: செர்சை ஆணுக்கு மட்டுமா?

பதில்: இரண்டுக்கும். வளர்ந்த பூச்சியில், ஸ்டைல் எனப்படும் வயிற்று நுனியின் சிறு முள்போன்ற இணைதான் ஆணுக்கு மட்டும்.

கேள்வி: எந்த மருந்து அடிக்கலாம்?

பதில்: அது என் துறை இல்லை. பூச்சிக்கட்டுப்பாட்டுக்காரரைக் கேளுங்கள்.

கேள்வி: தலை இல்லாமலும் திரும்பும் என்றால், இது வெறும் அனிச்சைதானே?

பதில்: திரும்பும் அசைவு மார்பிலேயே உருவாகும், சரி. ஆனால் கரப்பானை வேட்டையாடும் மரகதக் குளவி மூளைக்குள் கொட்டிய கரப்பானைப் பாருங்கள். கால்கள் நன்றாக இருக்கும், கவிழ்த்தால் எழுந்துகொள்ளும். காற்று பட்டால் மட்டும் ஓடாது. ஓடத் தொடங்க மூளையின் தயவு வேண்டும்.

மறுப்பு: அது விஷத்தின் விளைவு. இயல்பான நடத்தைக்குச் சான்றாகாதே?

பதில்: விஷமே வேண்டாம், பறக்கும் கரப்பானை எடுத்துக்கொள்ளுங்கள். நிற்கும்போது முந்தும் கீழ்ப்புறப் பெருநரம்புச்செல்கள் பறக்கும்போது அடங்கி, மேற்புறத்தவை பொறுப்பேற்கின்றன. அதே காற்று, வேறு வழி. ஓடும் திசையும் ஒன்றல்ல: 2008இல் ஆய்வாளர் டொமெனிசியின் குழு அளந்தபோது, ஆபத்திலிருந்து ஏறத்தாழ 90, 120, 150, 180 பாகைகளில் பிரிந்து ஓடின. எது வரும் என்று தேரைக்குத் தெரியாது. இவ்வளவையும் ‘வெறும்’ என்ற சொல்லுக்குள் அடைக்க நான் ஒப்பமாட்டேன்.

கேள்வி: வாயால் மெதுவாக ஊதினால்?

பதில்: மெதுவாகவும் கூடாது. மேலே சொல்லியாயிற்று.