உறைந்த விரலில் பனியைத் தேய்க்கலாமா?

வாட்ஸ்அப்பில் சுற்றும் ‘குளிர்கால அவசரக் குறிப்புகள்’ சரியா என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: குழந்தைகளோடு ஊட்டிக்குப் போகிறோம். அறையில் ஹீட்டர் கிடையாது. ‘இரும்புச் சட்டியில் கரிக்கங்கு வைத்துக் கதவை இறுக்கிச் சாத்தினால் விடியும்வரை கதகதப்பு. புகை அடங்கிய கங்கால் ஆபத்தே இல்லை’ என்கிறது குறிப்பு. செய்யலாமா?
- வாசகி, ஈரோடு

பதில்: வேண்டவே வேண்டாம். அனுப்பியவரிடமும் சொல்லி அழிக்கச் சொல்லுங்கள். ஆளைக் கொல்வது புகை இல்லை, கார்பன் மோனாக்சைடு. சாம்பல் பூத்துச் சிவந்து கிடக்கும் கங்கு அதை விட்டுக்கொண்டேதான் இருக்கும். அதற்கு நிறமோ வாசனையோ கிடையாது. இருமல் வராது, கண் எரியாது. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், கை கால் துவளுதல் என்று படிப்படியாக வரும். தூங்குகிறவருக்கு அது எதுவும் தெரியப்போவதில்லை. ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து வைத்தாலும் போதாது. 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் கடுங்குளிரில் மின்சாரம் போனபோது, கரியடுப்பை வீட்டுக்குள் கொண்டுவந்தவர்களும் கராஜுக்குள் காரை ஓடவிட்டவர்களும் இதே வாயுவுக்குப் பலியானார்கள்.

ஆளுக்கு இரண்டு கம்பளி எடுத்துப் போங்கள். ஒன்று போர்த்த, ஒன்று கீழே விரிக்க. வெறும் தரை சூட்டை உறிஞ்சிவிடும். குல்லாவும் காலுறையும் கட்டாயம். வெந்நீர்ப் பையில் முக்கால் பங்குக்கு மேல் ஊற்றாமல், காற்றை அமுக்கி வெளியேற்றி மூடி, துண்டில் சுற்றிக் காலடியில் வையுங்கள். கொதிக்கிற தண்ணீர் கூடாது. கங்கு எரிந்த அறையில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால் எல்லோரும் உடனே வெளியே வந்து 108-ஐ அழையுங்கள்.

கேள்வி: பனியில் விளையாடிவிட்டு வந்த மகனின் விரல் நுனிகள் வெளுத்து மரத்துவிட்டன. ‘பனியைத் தேய், தானாகச் சரியாகும்’ என்கிறார் மாமா.
- வாசகர், ஸ்கார்பரோ, கனடா

பதில்: மாமா சொல்வது பழைய வைத்தியம். நெப்போலியனின் படை மருத்துவர் லாரே, 1812 ரஷ்யப் பின்வாங்கலில் உறைந்த கால்களை நெருப்பில் காட்டிய வீரர்களுக்கு அவை அழுகுவதைப் பார்த்தார். அதனால் பனியைத் தேய்க்கச் சொன்னார். நெருப்பு கூடாது என்றது சரி, தேய்க்கச் சொன்னதுதான் தப்பு. உறைந்த சதைக்குள் இருப்பவை பனிப் படிகங்கள். தேய்த்தால் சதை கிழிபடும், குளிரும் கூடும்.

லேசாக மரத்திருந்தால் அக்குளில் வைத்தால் போதும். விரல் மெழுகுபோல வெளுத்து, அழுத்தினால் கட்டையாக இருந்தால் மருத்துவமனைக்குப் போக வேண்டும். உடனே போக வழியில்லை என்றால், அகலப் பாத்திரத்தில் 37 முதல் 39 டிகிரி வெந்நீர். வெப்பமானி இல்லையா, நீங்கள் முழங்கையை விட்டுப் பாருங்கள். மரத்த கைக்குச் சூடு தெரியாது, பையனைக் கேட்டுப் பயனில்லை. விரல்கள் பாத்திரத்தில் முட்டாமல் 15 முதல் 30 நிமிடம் இருக்கட்டும். தண்ணீர் ஆறினால் கையை எடுத்த பிறகே வெந்நீர் சேருங்கள். விரல் சிவந்து மெத்தென்று ஆகும்போது வலி உயிர் போகும், நிறுத்திவிடாதீர்கள். கொப்புளத்தை உடைக்காமல், விரலிடுக்கில் உலர்ந்த துணி வைத்துக் கூட்டிப்போங்கள். மறுபடி உறையும் வாய்ப்பு இருந்தால் மட்டும் இளக்காதீர்கள். இளகி மீண்டும் உறைந்த விரலுக்குச் சேதம் இன்னும் மோசம்.

கேள்வி: குளிருக்கு ஒரு பெக் பிராந்தி?
- வாசகர், குன்னூர்

பதில்: தோலின் ரத்தக் குழாய்கள் விரிவதால்தான் சூடாகத் தெரிகிறது. உள்ளே இருந்த சூடு வெளியே போகிறது, நடுக்கமும் குறைகிறது. சர்க்கரை போட்ட சூடான தேநீர் குடியுங்கள்.

கேள்வி: பனிப்புயலில் கார் சிக்கினால் எஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு, தாகத்துக்குப் பனியைத் தின்னலாமா?
- வாசகி, மொன்ட்ரியல்

பதில்: முதலில் இறங்கி, புகைபோக்கிக் குழாயை அடைத்திருக்கும் பனியைத் தோண்டி எடுங்கள். இல்லாவிட்டால் ஊட்டி அறைக்குச் சொன்ன அதே வாயு காருக்குள் நிறையும். மணிக்கு 10 நிமிடம் எஞ்சின் ஓடினால் போதும். ஒவ்வொரு முறையும் குழாயைப் பார்த்த பிறகே சாவியைத் திருப்புங்கள். காற்று அடிக்காத பக்கத்துக் கண்ணாடி சற்று இறங்கியிருக்கட்டும். காரை விட்டு நடக்காதீர்கள். ஒரு கிலோ பனியை உடம்புக்குள் உருக்கிச் சூடேற்ற ஏறத்தாழ 117 கிலோ கலோரி செலவாகும். ஆகவே அந்தப் பத்து நிமிடத்தில் ஹீட்டர் காற்று வரும் இடத்தில் ஒரு டம்ளரில் பனியை வைத்து, உருகிய பிறகு குடியுங்கள்.