கிணற்றில் வந்த வெள்ளைக்கல்லை நம்பிப் பணம் போடலாமா?

கேள்வி: ஐயா, பேரணாம்பட்டு பக்கம் மலையடிவாரத்தில் எங்கள் நிலம். கிணற்றை ஆழப்படுத்தும்போது 60 அடியில் அரை அடி அகலத்துக்கு வெள்ளைக்கல் ஓடியது. அதில் மஞ்சளாக மின்னுகிறது. நகைக்கு டச் பார்க்கும் மிஷினில் வைத்தால் தங்கம் என்று காட்டியது. தெரிந்தவர் ஒருவர், "டன்னுக்கு 4 கிராம் தங்கம், 150 கிராம் வெள்ளி. 3 லட்சம் போடுங்கள், குழி இறக்கி சயனைடில் பிரித்துவிடலாம்" என்கிறார். என் தாத்தா கோலார் தங்கவயலில் வேலை பார்த்தவர். இறங்கலாமா?

பதில்: வேண்டாம்.

முதலில் அந்த மிஷின். அது நகையில் நூற்றுக்கு எத்தனை பங்கு தங்கம் என்று பார்க்கச் செய்தது. டன்னுக்கு 4 கிராம் என்றால் பத்து லட்சத்தில் நாலு பங்கு. அவ்வளவு நுணுக்கம் அதற்கு எட்டாது. வீட்டிலேயே பாருங்கள்: மின்னும் துணுக்கைச் சுத்தியலால் தட்டினால் தங்கம் தகடாகும், இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் பொடியாகும். டைல்ஸின் சொரசொரப்பான பின்பக்கத்தில் உரசினால் பைரைட் கறுப்பாகக் கோடு போடும், தங்கம் மஞ்சளாகவே போடும். ஏடு ஏடாக உரிந்தால் அது வெறும் காக்காப்பொன்.

எனக்கு உறுத்துவது அந்த வெள்ளிக் கணக்குதான். தங்கத்தைப்போல் முப்பது நாற்பது மடங்கு வெள்ளி என்பது மெக்சிகோ, பெரு மாதிரி எரிமலை நாடுகளின் தாது. சூடான நீர் பாறை விரிசல்களில் ஏறி விட்டுப்போன படிவு அது. நம் பக்கத்துப் பாறையோ 250 கோடி ஆண்டுப் பழசு. கோலார் தாதில்கூட வெள்ளி சொற்பம்தான். ஏதோ வெளிநாட்டுக் கம்பெனி அறிக்கையிலிருந்து எடுத்த எண்போலத் தெரிகிறது.

சரி, அவர் சொன்னது நிஜம் என்றே வைத்துக்கொள்வோம். டிராக்டர் லோடு 3 டன், அதில் 12 கிராம், ஒன்றரைப் பவுன். ஆசை வரும்தான். ஆனால் அரை அடி இடுக்கில் ஆள் நுழைந்து வேலை செய்ய முடியாது. மூன்றடியாவது உடைக்க வேண்டும். அப்போது லோடில் ஆறில் ஐந்து பங்கு வெறும் கல், ஒன்றரைப் பவுன் கால் பவுனாகிவிடும். போதாததற்கு, நீங்கள் பொறுக்கி எடுத்தது மின்னிய கல்லைத்தானே? மொத்தக் கல்லின் சராசரி அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

அந்தக் கல்லை எடுப்பதற்கு முன்னால்தான் பெரிய செலவு. தாது இல்லாத பாறையில் குழி இறக்கி, அங்கிருந்து குறுக்கே சுரங்கவழி வெட்டி, வெள்ளைக்கல் ஓடும் திசையில் இரு பக்கமும் தொடர வேண்டும். ஆள் வெளியேற இரண்டாவது வழி, காற்று, பம்பு என்று ஒரு கிராம் பார்ப்பதற்குள் கோடிகள் போகும். கோலாரில் அப்படித்தான் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனார்கள். கடைசியில் செலவு கட்டாமல் 2001-இல் மூடினார்கள்.

அப்புறம் சயனைடு. கல்லை மாவாக அரைத்து, மிகக் குறைந்த சயனைடு கலந்த நீரில் கலக்குவார்கள். தங்கம் ஒரு நாளில் கரையும், வெள்ளிக்கு இரண்டு மூன்று நாள். தங்கம் மட்டும் என்றால் தேங்காய் ஓட்டுக் கரியில் ஏற்றிப் பிடிக்கலாம். வெள்ளி அதிகமானால் கரி சீக்கிரம் நிரம்பிவிடும், துத்தநாகத் தூள் போட்டுப் படிய வைப்பார்கள். இது முழுக்கச் சுண்ணாம்பு போட்டுக் காரத்தன்மையை இறங்காமல் பிடித்துக்கொள்ள வேண்டும். இறங்கினால் சயனைடு வாயுவாகக் கிளம்பும், ஆளைக் கொல்லும். மிஞ்சும் சேற்றை எங்கே கொட்டுவார்? கோலாரில் அது இன்றும் மலைமலையாகக் கிடக்கிறது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் பாலாறு என்ன ஆனது, 1996-இல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீர்ப்பு வந்தது எல்லாம் நம் ஊர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பட்டா உங்களுடையதுதான். நிலத்தடிக் கனிமம் நில உரிமையாளருக்கே என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னதும் உண்மை. ஆனாலும் தங்கம் எடுக்கக் குத்தகை வேண்டும், அதை அரசு ஏலத்தில்தான் தரும். அது இல்லாமல் தோண்டினால் ஐந்தாண்டு வரை சிறை.

ஆர்வம் விடவில்லை என்றால், வெள்ளைக்கல்லின் குறுக்கே ஒரு பக்கப் பாறையிலிருந்து மறுபக்கம் வரை ஒரே ஆழத்தில் உளியால் வாய்க்கால்போல் கோடாக வெட்டுங்கள். விழுந்ததில் மின்னுவதைப் பொறுக்காமல் நாலைந்து கிலோ பையில் கட்டி, காரீயத்தோடு உருக்கிப் பார்க்கும் சோதனை செய்யும் தாது ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். வேலூர் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸில் கனிமத் துறையிலும் ஒரு மனு கொடுத்து வையுங்கள். முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். அதுவரை 3 லட்சம் உங்கள் கணக்கிலேயே இருக்கட்டும்.