பழுப்பு ஓடு போதுமா? நாட்டுக்கோழி முட்டை வாங்குமுன்

கேள்வி: 5 வயது மகளுக்குத் தினமும் ஒரு முட்டை கொடுக்கிறேன். நாட்டுக்கோழி முட்டை இரண்டு மடங்குக்கு மேல் விலை சொல்கிறார்கள். அந்த அளவுக்குச் சத்து அதிகமா?

புரதத்துக்காக என்றால் வேண்டியதில்லை. எந்தக் கோழி இட்டாலும் 50 கிராம் முட்டையில் சுமார் 6 கிராம் புரதம்தான். நாட்டு முட்டை பெரும்பாலும் 40 கிராமை ஒட்டியே இருப்பதால், ஒன்றுக்கு ஒன்று பார்த்தால் புரதம் குறைவு. ஓட்டின் நிறம் இனத்தால் வருவது. மஞ்சள் கருவின் நிற அடர்த்தி தீவனத்தால் வருவது. மக்காச்சோளத்தைக் கூட்டினால் கூண்டுக் கோழியின் கருவும் நிறம் ஏறும்.

வித்தியாசம் மேய்ச்சலில் இருக்கிறது. வெயிலில் திரியும் கோழியின் முட்டையில் வைட்டமின் டி கூடுகிறது. புல், கீரை, பூச்சி தின்றால் ஒமேகா-3 கூடும். நாட்டினமே ஆனாலும் கொட்டகையில் அடைத்துத் தீவனம் மட்டும் போட்டால் இந்த லாபம் இல்லை.

கூடுதல் காசு கொடுக்க இதைவிட வலுவான காரணம் கோழி வாழும் விதம். வழக்கமான கூண்டில் ஒரு கோழிக்கு ஒரு ஏ4 தாள் அளவு இடம்கூடக் கிடைப்பதில்லை. இறக்கை விரிக்க, மண்ணைக் கிளற, புழுதியில் புரள, மறைவாக முட்டையிட வழியில்லை. நெருக்கத்தில் ஒன்றையொன்று கொத்தும் என்பதால் குஞ்சிலேயே அலகின் நுனியை வெட்டுகிறார்கள். இத்தகைய வெறுங்கூண்டுகளை ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் தடை செய்தது.

ஆனால் கடையில் ‘நாட்டு முட்டை’ என்று விற்பதில் பல, பழுப்பு முட்டையிடும் கலப்பினக் கோழியுடையவை. அவையும் கூண்டில் வளர்ந்தவையாக இருக்கலாம். கண்டுபிடிக்கக் கணக்கு ஒன்று போதும். அசல் நாட்டுக்கோழி 12–15 முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். ஆண்டுக்கு 60–80 தேறினால் அதிகம். 100 கோழி வைத்திருப்பவருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 20 முட்டை கிடைக்கும். தினம் 500 முட்டை தருகிறேன் என்பவரிடம் 2,500 கோழி எங்கே மேய்கிறது என்று கேளுங்கள். எல்லா முட்டையும் ஒரே அளவில், ஒரே நிறத்தில், ஆண்டு முழுவதும் தட்டுப்பாடில்லாமல் வந்தாலும் சந்தேகப்படலாம்.

நேரில் போனால் சுற்றுப்புறத்தைப் பாருங்கள். பிளாஸ்டிக் குப்பை எரிக்கும் இடத்தில் மேயும் கோழியின் முட்டையில் டையாக்சின் நஞ்சு சேரும். அதற்குக் கூண்டு முட்டையே மேல்.

வயதுக்கு வந்த பெண்ணுக்கு நாட்டு முட்டையைப் பச்சையாகக் கொடுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. மேய்ச்சல் முட்டையிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். மகளுக்கு இரு கருவும் கெட்டியாகும்வரை வேகவையுங்கள். எச்சம் ஒட்டிய முட்டையைக் கழுவி அடுக்காமல், சமைக்கும் நேரத்தில் கழுவுங்கள். ஈரத்தோடு வைத்தால் ஓட்டின் நுண்துளை வழியே கிருமி உள்ளே போகும்.