அழுகை வரவில்லை, நான் கல்லாகிவிட்டேனா?

கேள்வி: தனியார் மருத்துவமனை ஒன்றில் ஏழு வருடமாக, புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும் கீமோ வார்டில் நர்ஸாக இருக்கிறேன். வாரத்தில் மூன்று நாள் டபுள் டூட்டி. நைட்டில் பன்னிரண்டு பேருக்கு நான் ஒருத்திதான். போன மாதம், எட்டு மாதமாக எங்களிடம் வந்துபோன ஓர் அக்கா இறந்துவிட்டார். உடலை அனுப்பி, பெட்ஷீட்டை மாற்றி, அரை மணி நேரத்தில் அதே கட்டிலில் அடுத்தவரைப் படுக்கவைத்தேன். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. வீட்டுக்கு வந்து, பென்சிலைத் தொலைத்ததற்காக மகளை அடித்துவிட்டேன். வேலையை விட்டுவிடலாமா?
– பெயர் வேண்டாம், மதுரை

பதில்: தங்கைக்கு, கல்லாகிப்போனவர் ஒரு பென்சிலுக்காக இப்படிக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க மாட்டார்.

மற்ற வார்டில் நோயாளி குணமாகிப் போனதும் நம்மை மறந்துவிடுவார். கீமோ வார்டில் அப்படியில்லை. இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை வருவார். எந்தக் கையில் நரம்பு கிடைக்கும், மகன் பிளஸ் டூவில் எத்தனை மார்க், எல்லாம் உங்களுக்குத் தெரியும். அவர் போனால் வீட்டாருக்குப் பதினாறு நாள் துக்கம், உங்களுக்கு அரை மணி நேரம். அதிலும் பாதி பெட்ஷீட்டுக்குப் போய்விட்டது.

அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையின் செவிலியர் ஜொனாதன் பார்ட்டல்ஸ் ஒரு வழக்கத்தைத் தொடங்கினார். யாராவது இறந்தால், சிகிச்சை கொடுத்தவர்கள் எல்லோரும் அந்தப் படுக்கையைச் சுற்றிச் சற்று நேரம் பேசாமல் நிற்பார்கள், அவ்வளவுதான். உங்கள் இன்சார்ஜ் சிஸ்டரிடம் கேட்டுப் பாருங்கள். செலவில்லாத காரியம், மறுக்க மாட்டார்.

ஆனால் மௌனம் டபுள் டூட்டியைக் குறைக்காது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் 'பர்ன் அவுட்'டை நோய் என்று சொல்லவில்லை, வேலையிடத்தால் வரும் நிலை என்றது. தெம்பு வற்றுவதும் வேலையிலிருந்து மனம் விலகுவதும் அதன் அடையாளங்கள். ஆள் போடாத நிர்வாகத்தின் குறையை உங்கள் குணத்தின் குறையாக ஏன் சுமக்கிறீர்கள்?

எந்தத் தேதி, எத்தனை நோயாளி, எத்தனை மணி நேரம் என்று ஒரு மாதம் நோட்டில் குறியுங்கள். நாலைந்து பேர் சேர்ந்து நர்சிங் சூப்பரிண்டெண்டெண்டிடம் எழுத்தில் கொடுங்கள். 'மன உளைச்சல்' என்று ஆரம்பிக்காதீர்கள், அதை எளிதில் ஓரம் கட்டிவிடுவார்கள். கீமோ மருந்தை இரண்டு பேர் சரிபார்த்துத்தானே ஏற்ற வேண்டும்? சிவப்பு மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால் சதையே வெந்துபோகும். நைட்டில் நீங்கள் ஒருத்தி என்றால் அந்த இரண்டாவது ஆள் யார்? இந்தக் கேள்விக்கு நிர்வாகம் பதில் சொல்லியாக வேண்டும்.

வேலையை விடும் முடிவை இந்தக் களைப்பில் எடுக்காதீர்கள். மூன்று மாதத்துக்கு ஓபியில் போடச் சொல்லிக் கேளுங்கள். அப்புறமும் வேண்டாம் என்று தோன்றினால் விட்டுவிடுங்கள், அதில் குற்றமில்லை. தூக்கம் கெட்டுக்கொண்டே போனாலோ, வாழ்க்கையே வெறுத்துப்போனாலோ உடனே 14416க்குப் பேசுங்கள். அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் அது. இலவசம், தமிழிலேயே பேசலாம்.

மகள் விஷயம் மட்டும் இன்றைக்கே. 'அம்மா அடித்தது தப்பு, உன்மேல் கோபம் இல்லை' என்று அவளிடம் சொல்லுங்கள். போகும் வழியில் ஒரு பென்சில் டப்பாவும் வாங்கிக்கொள்ளுங்கள்.