கடற்கரையில் கூடாரம்: மழையைவிடப் புழுக்கத்தைக் கவனியுங்கள்

கேள்வி: நாங்கள் மும்பை செம்பூரில் வசிக்கிறோம். நவம்பர் இறுதியில் நானும் கணவரும் இரு பிள்ளைகளும் அலிபாகை அடுத்த நாகாவ் கரையில், தெரிந்தவர் ஒருவரின் தோப்பில் இரண்டு இரவுகள் தங்க இருக்கிறோம். இடமும் கழிப்பறையும் அவர் தருகிறார். கூடாரம் நாங்கள் கொண்டுபோக வேண்டும். 3,000 மி.மீ. நீர்த்தடுப்பு உள்ள "நான்கு பேர் டென்ட்" ஒன்றை வாங்கும்படி கடைக்காரர் வற்புறுத்துகிறார். வாங்கலாமா?
- செம்பூர் வாசகி

பதில்: அந்த எண்ணை மட்டும் நம்பி வாங்காதீர்கள். துணியின் மேல் எத்தனை மில்லிமீட்டர் உயரத்துக்கு நீரை நிறுத்தினால் மறுபுறம் கசியத் தொடங்குகிறது என்ற சோதனையின் அளவுதான் அது. கூடாரத்தின் வெளித்துணியான மேல்விரிப்புக்கு 1,500 மி.மீ. இருந்தாலே சாதாரண மழையைத் தாங்கும். உட்காரும்போதும் முழங்காலை ஊன்றும்போதும் அழுத்தம் கூடுவதால், தரைத்துணிக்குத்தான் அதைவிடக் கூடுதலாக வேண்டும். பருவமழை மும்பையை விட்டு விலகும் இயல்பான நாளாக வானிலைத் துறை அக்டோபர் 8-ஐக் கொள்கிறது. எனவே நீங்கள் போகும் நவம்பர் இறுதியில் உங்களை நனைக்கப் போவது பெரும்பாலும் மழையாக இராது.

சில ஆண்டுகளுக்கு முன் அதே கரையில் உள்ள ரேவ்தண்டாவில் நான் தங்கியபோது, பின்னிரவில் நெற்றியில் சொட்டிய நீரால் விழித்து, மழை வந்துவிட்டது என்று பதறி ஜிப்பைத் திறந்து வெளியே வந்தேன். வானம் முழுக்க விண்மீன்கள் இருந்தன. உள்ளே திரும்பித் துணியை விரலால் தொட்டபோது, விரல் போன தடத்தில் நீர் கோடாக வழிந்து இறங்கியது. தெளிந்த வானத்தை நோக்கித் துணி தன் வெப்பத்தை இழந்து சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. கடற்காற்றின் ஈரமும், உறங்குபவர் ஒவ்வொருவரும் மூச்சாலும் தோலாலும் ஓர் இரவில் வெளியிடும் ஏறத்தாழ ஒரு டம்ளர் நீரும் அந்தக் குளிர்ந்த துணியில் படிந்து துளியாகின்றன. நீர் புகாத துணி இந்த ஈரத்தை வெளியேயும் விடாது. ஒற்றைத் துணிக் கூடாரத்தின் நீர்த்தடுப்பு எத்தனை ஆயிரமானாலும் இந்தத் தொல்லை தீராது.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது இரட்டை அடுக்குக் கூடாரம். உள்ளடுக்கின் பெரும்பகுதி வலையாக இருக்க வேண்டும். மேல்விரிப்பு உள்ளடுக்கைத் தொடாமல், தரையிலிருந்து ஒரு சாணாவது உயர்ந்து நிற்க வேண்டும். எதிரெதிர்ப் பக்கங்களில் திறப்பு இருக்க வேண்டும். மணல் ஈக்கள் சாதாரணக் கொசுவலையின் கண்ணுக்குள்ளும் நுழையக்கூடியவை என்பதால், வலையின் கண் மிகச் சிறியதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கடையில் கூடாரத்தை விரித்துக் காட்டச் சொல்லி, நால்வரும் உள்ளே போய் ஜிப்பை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் அமர்ந்திருங்கள். அங்கேயே மூச்சு முட்டினால் நாகாவில் நிச்சயம் முட்டும். விரித்துக் காட்ட மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

"நான்கு பேர்" என்பது நால்வர் தோளோடு தோள் உரசிப் படுத்தால், பைகளுக்கு இடமே இல்லாமல், கொள்ளும் அளவு. உங்கள் குடும்பத்துக்கு ஆறு பேர் அளவு பொருந்தும். அல்லது இரண்டு சிறிய கூடாரங்களை வாடகைக்கு எடுங்கள். முதல் பயணத்துக்கு வாடகையே நல்லது என்பது என் கருத்து. பிள்ளைகளுக்கு இது பிடிக்குமா என்பது ஓர் இரவிலேயே தெரிந்துவிடும்.

கூடாரத்தோடு வரும் மெல்லிய கம்பி முளைகள் மணலில் நிற்பதில்லை. அகன்ற மணல் முளை வாங்கலாம். செலவில்லாத வழியும் உண்டு. தோப்பில் கிடக்கும் தேங்காய் மட்டையின் நடுவில் கயிற்றைக் கட்டி, ஓரடி ஆழத்தில் குறுக்காகப் புதைத்து மணலை மிதித்து மூடுங்கள். இழுத்துப் பார்த்தால் அதன் பிடிப்பு உங்களுக்கே தெரியும். ஆனால் தென்னைக்கு அடியில் மட்டும் கூடாரம் போடாதீர்கள். காயும் மட்டையும் எப்போது விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. கொங்கண் கரை நெடுகிலும் உள்ள, மராத்தியில் சுரூ எனப்படும் சவுக்கு மரங்களின் நிழலே ஏற்றது. மேலே கிளைகள் கவிந்திருந்தால் துணி வானத்துக்கு வெப்பத்தை இழப்பது குறையும், பனியும் குறையும். இரவில் காற்று பெரும்பாலும் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால், ஒரு திறப்பு நிலப்பக்கம் பார்த்திருக்கட்டும்.

உறங்கும் பை வாங்கப் பணம் செலவழிக்காதீர்கள். இறகு அடைத்தது ஈரத்தில் சுருங்கி வெப்பம் காக்கும் தன்மையை இழக்கும். நவம்பர் கடற்கரைக்கு ஆளுக்கொரு மெல்லிய போர்வையே போதும். விரிப்புக்கு, மும்பையில் எளிதாகக் கிடைக்கும் மடிப்பு நுரைப்பாய் ஈரத்தை உறிஞ்சாது. ஊரிலிருந்து கொண்டுவந்த பவானி ஜமுக்காளம் என்னிடமும் இருக்கிறது, அருமையானது; ஆனால் பருத்தி என்பதால் கடற்கரையில் விடிவதற்குள் ஈரம் குடித்துக் கனத்துவிடும். அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

திரும்பி வந்த அன்றே கூடாரத்தை, குறிப்பாக ஜிப்பையும் முளைகளையும், நல்ல தண்ணீரில் அலசி உப்பைப் போக்குங்கள். பிறகு நம் மும்பை வீடுகளில் கூரையை ஒட்டித் தொங்கும் துணிக்கொடியில் விரித்துப் போட்டு, முழுதும் காய்ந்த பின்னரே மடியுங்கள். ஈரத்தோடு பரணில் ஏறிய கூடாரத்தில் நீரைத் தடுக்கும் பாலியூரித்தேன் பூச்சு நீரால் சிதைந்து, பிசுபிசுத்து, புளித்த வாடை வீசும். அதன் பின் அதைத் துணியாகக்கூடப் பயன்படுத்த முடியாது.

கேள்வி: இணையத்தில் "முழு வாட்டர்புரூஃப்" என்று விற்ற கூடாரத்தை வாங்கினேன். முதல் இரவிலேயே உள்ளே நனைந்துவிட்டது. "அது வியர்ப்பு, குறைபாடு அல்ல" என்கிறார் விற்பனையாளர். நான் என்ன செய்வது?
- முலுண்ட் வாசகர்

பதில்: விற்பனையாளர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம் என்பதால், முதலில் அதைச் சோதித்துவிடுங்கள். பகலில் மொட்டைமாடியில் கூடாரத்தை விரித்து, உள்ளே எவரும் இல்லாமல், வெளியிலிருந்து பத்து நிமிடம் தண்ணீர் ஊற்றி, உட்புறத் தையல்களில் உலர்ந்த தாளை ஒற்றி எடுங்கள். தாள் நனைந்தால் அது கசிவு. தையலின் மேல் ஒட்டிய நாடா சரியில்லை என்று பொருள். இதை இடைவெட்டு இல்லாமல் காணொளியாகப் பதிவு செய்யுங்கள். தாள் நனையாவிட்டால் குறை துணியில் இல்லை. பனி படியும் என்பதை விளம்பரம் சொல்லவில்லை என்ற வருத்தம் நியாயமானதுதான், ஆனால் வழக்காக நிற்பது கடினம்.

கசிவு உறுதியானால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறைபாடுள்ள பொருளை ரசீதில் குறித்த காலத்துக்குள், காலம் எதுவும் குறிக்கப்படாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகச் செயல். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, நீங்கள் வாங்கிய இணையத் தளத்தின் குறைதீர் அலுவலர் உங்கள் புகாரைப் பெற்றதை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். எனவே தொலைபேசியில் வாதாடிக்கொண்டிராமல், ரசீது, விளம்பரப் பக்கத்தின் படம், காணொளி ஆகிய மூன்றையும் இணைத்து அவருக்கு எழுத்தில் அனுப்புங்கள். அந்தப் பக்கத்தைப் படம் எடுப்பதை இன்றே செய்யுங்கள், நாளை அதன் வாசகத்தை மாற்றிவிட முடியும்.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யுங்கள். அதன் பின்னும் தீராவிட்டால், விற்பவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை.

கேள்வி: ரயிலில் கோவாவின் மட்காவ் வரை போகிறோம். சமைப்பதற்குச் சிறிய கேஸ் குப்பியும் அடுப்பும் எடுத்துப் போகலாமா?
- தாராவி வாசகர்

பதில்: கூடாது. எரிவாயு எந்த அளவில் இருந்தாலும் ரயில் பெட்டியில் தடை செய்யப்பட்ட பொருள். 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் 164-ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனையும் விதிக்கப்படலாம். பெட்டியில் உடன் வரும் மற்றவர்களின் உயிரையும் எண்ணிப் பாருங்கள். அடுப்பை மட்டும் எடுத்துச் சென்று, அதற்குப் பொருந்தும் குப்பி போகும் ஊரில் கிடைக்குமா என்று புறப்படுவதற்கு முன்பே கடைக்குப் பேசி உறுதி செய்துகொள்ளுங்கள். கிடைக்காது என்றால் அடுப்பையும் விட்டுவிட்டு, முதல் நாள் இரவுக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள்.