சிஸ்டரம்மாவைக் கேளுங்கள்: டியூப் டெஸ்ட்டுக்கு மலை இறங்கும் முன்

கேள்வி: சிஸ்டரம்மா, எனக்கு 29 வயது. கல்யாணமாகி நாலு வருஷம் ஆகிறது. கர்ப்பப்பைக் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க, கோவைக்குப் போய் ஹெச்.எஸ்.ஜி. எக்ஸ்ரே எடுத்து வரும்படி டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். இதே டெஸ்ட் எடுத்த என் நாத்தனார், ‘உயிர் போய் உயிர் வந்தது’ என்கிறார். அதைக் கேட்டதிலிருந்து தூக்கம் இல்லை. எப்படித் தயாராவது? அன்றைக்கே பஸ்ஸில் திரும்பலாமா? குழந்தைக்காக இடுப்பில் தாயத்து கட்டியிருக்கிறேன், அதைக் கழற்ற வேண்டுமா?
- பெயர் வேண்டாம், கோத்தகிரி

பதில்: வலிக்கும் கண்ணு. வலிக்காது என்று நான் எழுதினால் மேசையில் படுத்துக்கொண்டு என்னைத்தான் திட்டுவாய். ஆனால் உன் நாத்தனாருக்கு வந்த வலி உனக்கும் வரும் என்று இல்லை. சிலருக்கு மாதவிடாய் வலி மாதிரிதான் இருக்கும், சிலருக்கு நன்றாகவே பிடித்து இழுக்கும். எப்படியானாலும் உச்சத்தில் நிற்பது சில நிமிஷம்தான்.

நான் 1986-இல் இதை எடுத்துக்கொண்டேன். அப்போதே நான் நர்ஸ்தான், ஆனால் பிரசவ வார்டு நர்ஸ். எக்ஸ்ரே ரூமில் என்ன நடக்கும் என்று எனக்கும் தெரியாது. கோவையில் ஒரு ஆஸ்பத்திரி. மாத்திரை போட்டுக்கொண்டு வரச் சொல்லவில்லை, பேட் கொண்டு வரவும் சொல்லவில்லை. பயத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு தொடையை இறுக்கினேன், சாய மருந்து ஏற்ற உள்ளே வைத்த மெல்லிய குழாய் நழுவிவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து. முடிந்ததும் வெட்கத்தில் சட்டென்று எழுந்தேன், கண் இருட்டி விழுந்தேன். சாயங்கால பஸ்ஸில் மேட்டுப்பாளையம் தாண்டும்போது சாயம் பிசுபிசுவென்று புடவையில் இறங்கிவிட்டது. குன்னூர் வரும்வரை, அத்தனை கொண்டை ஊசி வளைவுக்கும், ஸ்வெட்டரை இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டு குளிரில் நடுங்கியபடி வந்தேன். அதில் பாதி அவஸ்தை தேவையே இல்லாதது.

முதலில் நாள் கணக்கு. ரத்தம் நன்றாகப் படத் தொடங்கும் நாள்தான் முதல் நாள். அன்றைக்கே ஸ்கேன் சென்டருக்குப் போன் போட்டுவிடு. போக்கு நின்ற பிறகு, ஏழிலிருந்து பத்தாம் நாளுக்குள் தேதி கொடுப்பார்கள். முதல் நாள் தொட்டு டெஸ்ட் முடியும்வரை கணவரோடு சேர வேண்டாம். உள்ளே ஒரு கரு தங்கியிருந்து, தெரியாமல் எக்ஸ்ரே பட்டுவிடக் கூடாது, அதற்குத்தான். சந்தேகம் இருந்தால் சிறுநீர் டெஸ்ட் பார்ப்பார்கள். நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், அடிவயிற்று வலி, காய்ச்சல் இருந்தால் மறைக்காதே. கிருமி இருக்கும்போது சாயம் ஏற்றினால் அது மேலே ஏறிவிடும், டெஸ்ட்டையே தள்ளி வைப்பார்கள். முன்பு டி.பி. வந்திருந்தாலும், ஆஸ்துமா, தைராய்டு இருந்தாலும், சாய மருந்து ஏற்றி அலர்ஜி ஆகியிருந்தாலும், நீர்க்கட்டிக்கோ சுகருக்கோ மெட்ஃபார்மின் சாப்பிட்டாலும் முன்கூட்டியே சொல்லிவிடு.

அப்புறம் வலி மாத்திரை. இபுபுரூஃபன், மெஃபனமிக் ஆசிட் மாதிரி ஒன்றை டெஸ்ட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு போடச் சொல்வார்கள். அல்சரோ ஆஸ்துமாவோ இருந்தால் இந்த வகை ஆகாது, டாக்டரிடம் வேறு கேள். நம் ஊர்க்காரர்கள் செய்கிற தப்பு, வீட்டிலேயே போட்டுக்கொண்டு பஸ் ஏறுவது. வளைவில் குமட்டினால் மாத்திரை ரோட்டோரம் போய்விடும். பதினொரு மணிக்கு டெஸ்ட் என்றால், மேட்டுப்பாளையத்தில் இறங்கி இரண்டு இட்லி சாப்பிடு, கோவை சேர்ந்து பத்து மணிக்கு மாத்திரை போடு. மயக்க மருந்து கொடுப்பதாகச் சொல்லியிருந்தால் மட்டும் அவர்கள் சொன்னபடி வெறும் வயிறு.

தாயத்தை இடுப்பிலிருந்து எடுக்கத்தான் வேண்டும். வெள்ளி அரைஞாணும் அப்படித்தான். எக்ஸ்ரே எடுப்பதே அந்த இடத்தை. உலோகம் இருந்தால் கர்ப்பப்பை மேலேயே வெள்ளையாக விழும். மனசு கேட்காவிட்டால் மணிக்கட்டில் கட்டிக்கொள், சாமி கோபித்துக்கொள்ள மாட்டார். சாக்ஸைக் கழற்றாதே, எக்ஸ்ரே ரூமில் ஏ.சி. ஜில்லென்று இருக்கும்.

மேசையில் படுக்கவைத்து, கர்ப்பப்பை வாயைத் துடைத்து, மெல்லிய குழாயை உள்ளே விட்டுச் சாயத்தை ஏற்றுவார்கள். அது கர்ப்பப்பையை நிரப்பி, இரண்டு பக்கக் குழாய் வழியாக வயிற்றுக்குள் சிந்துவது திரையில் தெரிந்தால் வழி திறந்திருக்கிறது. வலி வருவது கர்ப்பப்பை விரியும்போது. பயத்தில் இறுகினாலோ, சாயத்தை வேகமாகத் தள்ளினாலோ கர்ப்பப்பைக் குழாயின் வாய் சுருங்கிக்கொள்ளும். வலியும் கூடும், திறந்திருக்கிற குழாயும் அடைத்த மாதிரி படத்தில் விழும். அதனால் வாயைத் திறந்து சொல்: ‘ஏற்றும்போது சொல்லுங்க, மெதுவா ஏத்துங்க, நிறுத்தச் சொன்னா கொஞ்சம் நிறுத்துங்க.’ அந்த நேரம் வாய் வழியாக மூச்சை நீளமாக விடு, பிடிக்காதே. ரிப்போர்ட்டில் கர்ப்பப்பையை ஒட்டி அடைப்பு என்று வந்தாலும் உடனே அழ வேண்டாம். இப்படிச் சுருங்கியதாகவும் இருக்கலாம், டாக்டர் வேறு வழியில் உறுதி செய்வார்.

முடிந்ததும் கால் மணி நேரம் படு, பக்கவாட்டில் திரும்பி மெதுவாக எழு. பேட் கையோடு கொண்டு போ. இரண்டு நாள் லேசாக ரத்தம் படலாம், வயிறு பிசையலாம். அன்றைக்கே திரும்பலாம், ஆனால் தனியாக வேண்டாம், நின்றுகொண்டு வரவும் வேண்டாம். காய்ச்சல், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், குறையாமல் ஏறுகிற வலி, மணிக்கொரு பேட் நனைகிற ரத்தம், இதில் ஒன்று வந்தாலும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடு.

எனக்கு மறு வருஷம் மகள் பிறந்தாள். டெஸ்ட்டில் ‘கழுவி விட்டதால்’ என்று என் மாமியார் ஊரெல்லாம் சொன்னார், நான் சிரித்தேன். 2017-இல் நெதர்லாந்து டாக்டர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து வெளியிட்ட ஆய்வில், எண்ணெய்ச் சாயம் ஏற்றியவர்களில் நூற்றுக்குச் சுமார் 40 பேருக்கு ஆறு மாதத்துக்குள் கர்ப்பம் தங்கியது. தண்ணீர்ச் சாயம் ஏற்றியவர்களில் 29 பேருக்கு. மாமியார் அவ்வளவு தப்பாகச் சொல்லவில்லை போல.

கேள்வி: என் கணவர் விந்துப் பரிசோதனைக்கு வர மறுக்கிறார். ‘பாட்டிலில் தருகிறேன், நீயே ஊட்டியில் கொண்டுபோய்க் கொடு’ என்கிறார். எனக்கு மட்டும் டியூப் டெஸ்ட் எழுதியிருக்கிறார்கள்.
- கூடலூர் வாசகி

பதில்: உன் டெஸ்ட்டுக்கு முன்பே அவருடையது முடிந்திருக்க வேண்டும். ஊசி இல்லை, சாயம் இல்லை, இரண்டிலிருந்து ஏழு நாள் விலகியிருந்தால் போதும். பாட்டில் கதை நடக்காது. மாதிரி ஒரு மணி நேரத்துக்குள், உடம்புச் சூடு குறையாமல் லேபுக்குப் போக வேண்டும். கூடலூர் பஸ் நடுவட்டம் ஏறுவதற்குள் அந்த நேரம் பாதிக்கு மேல் போய்விடும், பைக்காரா குளிர் வேறு. அவரையே பஸ் ஏற்று.