கேமராவுக்கு ஒரு கண்: கடிதம்

அன்புள்ள ஐயா,

இந்தக் கோடையில் பத்து நாள் இத்தாலி போய்வந்தோம். ரோமில் மட்டும் பன்னிரண்டு தேவாலயங்கள். ஆயிரத்துச் சொச்சம் படம் எடுத்தேன். ஊருக்கு வந்து பார்த்தால் ஒன்றிலும் நான் பார்த்த பிரம்மாண்டம் இல்லை. தூண்கள் சாய்ந்து, கூரை வெட்டுப்பட்டுக் கிடக்கின்றன. நல்ல வைடு ஆங்கிள் லென்ஸ் வாங்கினால் சரியாகுமா? ஓரிடத்தில் பூசை நேரத்தில் படமெடுத்தேன் என்று காவலர் விரட்டிவிட்டார். அத்தனை தங்கமும் ஏழைகளின் காசுதானே, நாம் படமெடுத்தால் என்ன குறைந்துவிடும்?

ஆர்.

அன்புள்ள ஆர்,

லென்ஸைக் கடைக்காரரிடம் கேளுங்கள். தங்கம் யார் காசு என்பது பெரிய பேச்சு, இன்னொரு நாள் பேசலாம். காவலர் செய்தது சரி. உங்கள் வீட்டுத் திவசத்தில் எவனோ வந்து பிண்டத்துக்கு மேல் போனை நீட்டினால் விடுவீர்களா?

பன்னிரண்டு ஆலயத்தில் ஒன்றிலாவது உட்கார்ந்தீர்களா? புனித பேதுரு பேராலயத்தில் தீர்த்தத் தொட்டியைத் தாங்கும் குழந்தைத் தேவதைகள் தூரத்திலிருந்து கைக்குழந்தை மாதிரி இருக்கும். கிட்டப்போனால் ஓர் ஆள் உயரம். அங்கேதான் அந்தக் கட்டடம் எவ்வளவு பெரியது என்று உறைக்கும். நடந்து போனவனுக்குக் கிடைப்பது அது. வாசலில் நின்று அழுத்தினால் எப்படி விழும்?

சில வருஷம் முன்பு அம்மாவுடன் சான்ட் இக்னாசியோவுக்குப் போனேன். மதுரைக்கு வந்த தத்துவ போதகர், ராபர்ட் டி நொபிலி, ரோமில் படித்த சேசு சபைக் கல்லூரியின் ஆலயம். அவர் 1606இல் மதுரைக்கு வந்து இருபது வருஷம் கழித்துத்தான் இதைக் கட்டவே ஆரம்பித்தார்கள். குவிமாடம் மட்டும் கட்டவில்லை. அந்த இடத்தில் 1685இல் ஆந்திரேயா போட்ஸோ என்கிற சேசு சபைச் சகோதரர் துணியில் ஒரு குவிமாடத்தை வரைந்து மாட்டினார். தரையில் பதித்த வட்டக்கல்லில் நின்று பார்த்தால் நிஜக் குவிமாடமேதான். தள்ளி நடந்தால் சாயத் தொடங்கும். நேர் கீழே போனால் கருப்பாக ஒரு கோணல் படம்.

இப்போது உங்கள் கேமராவை எடுங்கள். அதற்கு ஒரு கண், கால் கிடையாது. வட்டக்கல்லிலிருந்து எடுத்தால் அது முழுசாக ஏமாந்துவிடும். போட்ஸோ வைத்த பொறியில் விழுந்து, விழுந்தது தெரியாமலே ஊர் திரும்பும். பொறி உடைகிற அந்த நாலு எட்டு, நடக்கிறவனுக்கு மட்டும்தான். நீங்கள் ஆயிரம் எட்டை ஆயிரம் படமாக மாற்றிக்கொண்டு வந்து லென்ஸைக் குறை சொல்கிறீர்கள்!

அம்மா செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டாள். எங்கள் ஊர் மாதா கோயிலுக்கும் அப்படித்தான் போவாள். உள்ளே கூரையைப் பிரதிபலிக்கச் சாய்த்துவைத்த பெரிய கண்ணாடி, செல்ஃபிக்கு நீள வரிசை. நானும் போய் நின்றேன். "நிமிர்ந்தா தெரியாதா, குனிஞ்சு எதுக்குடா பாக்கணும்?" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு நடந்தாள். அரைமணி கழித்து என் முறை வந்து, எடுத்து முடித்து, தேடிப்போனால், முன்பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். "அது படம்டா, கோபுரம் இல்ல" என்றாள். எனக்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

கண்ணாடிப் படம் எல்லார் போனிலும் இருப்பது. அன்று எடுத்ததில் நான் இன்னும் வைத்திருப்பது ஒன்றுதான். கைதவறி அழுத்தியது. வட்டக்கல்லின் ஓரம், பளிங்கில் அம்மாவின் வெறுங்கால், குதிகால் வெடிப்பு.